உடல் யாருக்குச் சொந்தம்?

செல்வத்தின் மதிப்பை அது கையில் இருக்கும்போதே மனிதன் அறிந்துகொள்கிறான். ஆரோக்கியத்தின் மதிப்போ அது கைவிட்டுப் போன பிறகுதான் தெரிகிறது. இழந்த பொருளை உழைத்து மீண்டும் தேடலாம். கெட்டுப்போன இருதயத்தை எந்தக் கடையிலும் வாங்கிவர முடியாது. இஃது யாவரும் அறிந்த உண்மைதான். அறிந்திருந்தும் தம் தேகத்தைத் தாமே பணயம் வைக்கும் ஒரு வழக்கம் நம்மிடையே பரவி வருவதால், அதைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுத வேண்டியதாயிற்று.

சில நாட்களுக்குள் உடல் மெலிய வேண்டுமென்று கடும் பட்டினி கிடப்பதையே சொல்கிறோம். கைப்பேசியைத் திறந்தால், ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று உறுதி கூறும் விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. ஒருவர் மூன்று வேளையும் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் தவிர வேறொன்றும் தொடுவதில்லை. இன்னொருவர் ஏதோ ஒரு பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு நாளை ஓட்டுகிறார். வேறொருவர் வெறும் தண்ணீரிலேயே நான்கு நாள், ஐந்து நாள் என்று எண்ணுகிறார். நிக்காஹ் தேதி குறித்துவிட்ட பெண்பிள்ளைகளும், பெருநாளைக்குத் தைத்த சட்டைக்குள் நுழைய வேண்டிய வாலிபர்களும், நீரிழிவால் அச்சமுற்ற பெரியவர்களும் இவர்களில் உண்டு.

இதனை வைத்தியர்கள் பேச வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிடலாகாது. இதில் தர்ம விசாரமும் அடங்கியிருக்கிறது. நம் உடலை நம் விருப்பப்படி வருத்த நமக்கு உரிமை உண்டா? பசித்திருப்பது புண்ணியமென்றால் பட்டினி மட்டும் எவ்வாறு பிழையாகும்? ஒருவர் பட்டினி கிடந்து நோயுற்றால் அதில் சுற்றியிருப்பவர்களுக்குப் பங்கே இல்லையா? இக்கேள்விகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பருமன் வந்த வழி

உடல் எடையைக் குறைக்க எண்ணுவதே தவறு என்று யாரும் கருத வேண்டாம். குறைக்க வேண்டிய அவசியம் நம்மில் பலருக்கு உண்மையாகவே இருக்கிறது.

நமது மலாக்கா மாநிலத்தில் டான் சே யான் அவர்கள் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் புக்கிட் அசஹான் முதலிய இடங்களில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் நம்மவர் பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மேடும் பள்ளமுமாக நிரை நிரையாய் நடந்து பால் மரம் வெட்டி, நிறைந்த வாளிகளைத் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தட்டு நிறையச் சோறு அவ்வுழைப்புக்கு ஏற்றதாகவே இருந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பிள்ளைகள் ஜாசினுக்கும், அலோர் காஜாவுக்கும், மலாக்கா பட்டணத்துக்கும், பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்தார்கள். உழைப்பு நாற்காலிக்கு மாறியது. தட்டு மட்டும் மாறவில்லை. அதோடு நள்ளிரவிலும் ரொட்டி சானாயும், கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கும் கிடைக்கும் வசதியும் சேர்ந்துகொண்டது. அவ்வசதியை நாட்டுக்கு அளித்தவர்களில் நம் சமூகத்து உணவுக் கடைக்காரர்களுக்கு முக்கிய இடமுண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் விளைவை எண்களே கூறும். அரசாங்கம் நடத்தும் தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019-இல் மலேசியாவின் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. நாட்டின் பெரிய இனங்களுள் இந்திய வம்சாவளியினரிடையே இக்குறை அதிகம் என்பதும், நீரிழிவும் அவ்வாறே என்பதும் நாம் மறைக்கக் கூடாத செய்திகள்.

ஆகவே எடையைக் குறைப்பது நல்ல காரியமே. கெடுதலெல்லாம் அவசரத்தில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

மாதம் பத்துக் கிலோ என்னும் வாக்குறுதியை வியாபாரக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

உடலில் சேர்ந்துள்ள கொழுப்பில் ஒரு கிலோ கரைய வேண்டுமானால், ஏறத்தாழ 7,700 கலோரி அளவுக்கு வரவைவிடச் செலவு மிஞ்ச வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000 கலோரி. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 2,560-க்கும் மேல். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணின் உடல் ஒரு நாளில் செலவிடுவதோ 1,800 அல்லது 2,000 கலோரிதான். அதாவது, அவர் முப்பது நாளும் ஒரு பருக்கையும் உண்ணாமல் கிடந்தாலும் பத்துக் கிலோ கொழுப்பு கரையாது.

அப்படியானால் தராசு முள் இறங்குகிறதே, அது எப்படி? உடலில் சேமிப்பாயிருக்கும் சர்க்கரைச் சத்து தன்னோடு மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பட்டினியின் முதல் வாரத்தில் அச்சத்து செலவாக, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. அடுத்துத் தசை கரைகிறது. தண்ணீர் இரண்டு நாள் சோற்றில் திரும்பிவிடும். தசை அத்தனை எளிதில் திரும்பாது. தசை குறைந்த உடல் முன்னைவிடக் குறைவாகவே செலவு செய்யும். எனவே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் பழைய எடை வட்டியோடு வந்து சேர்கிறது. முதலை அழித்து லாபம் காட்டும் கடைக்கணக்கை நாம் நம்புவோமா? இதுவும் அத்தகைய கணக்கே.

பட்டினி செய்யும் தீங்கு

வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கற்கள் உண்டாவது மருத்துவர்கள் நன்கறிந்த விளைவு. தலைமயிர் உடனே உதிராமல் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்தாக உதிரும். கலியாணத்துக்காகப் பட்டினி கிடந்த பெண் கலியாணம் முடிந்த பிறகு சீப்பைப் பார்த்துக் கண்ணீர் விடுவாள். மாதவிலக்கு தவறும். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள், மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கி நினைவிழக்கக்கூடும். இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புக்கள் குறைந்தால் இருதயத்தின் தாளமே பிசகும்.

இது வெறும் பயமுறுத்தலன்று. அமெரிக்காவில் 1976-இல் வெளிவந்த ஒரு நூலைப் பின்பற்றிப் பலர் வேறு உணவை விட்டு, திரவப் புரதம் ஒன்றை மட்டுமே அருந்தி மெலியத் தலைப்பட்டனர். விலங்குகளின் தோல் முதலிய கழிவுகளைக் காய்ச்சி எடுத்த திரவம் அது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அறுபது பேரின் மரணம் அந்த உணவு முறையோடு தொடர்புபடுத்தப்பட்டது. இறந்தவர்களில் பலர் இருதயத் தாளம் கெட்டுத் திடீரென மாண்டவர்கள்.

வயிறு நிறைந்திருந்தாலும் ஒரே பொருளைத் தின்று வாழ முடியாது என்பதற்கு நம் மலாயா மண்ணிலேயே பழைய சான்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இங்குப் பல்லாயிரம் தொழிலாளரை வாட்டியது. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் என்பவர் 1905-இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். உள்ளிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோய் பரவிச் சாவும் நேர்ந்தது. புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பினர். தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிதாயிருந்ததற்கு, ஊரிலிருந்து வந்த புழுங்கலரிசி வழக்கமே காரணம் என்பதும் தெளிவாயிற்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதே தயமின் குறைவு இன்று கடும் பட்டினியால் மெலிபவர்களிடம், விசேஷமாக வாந்தியும் சேர்ந்துவிட்டால், நரம்பையும் மூளையையும் தாக்குகிறது. நம் முன்னோர் அறியாமலே தப்பிய நோயை நாம் காசு கொடுத்து வாங்கலாமா?

ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாட்களைக் கழித்தவர்களும், 1942, 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களும் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். அந்த யுத்தம் வைத்தியருக்கு இன்னொன்றையும் கற்பித்தது. நெடுநாள் பட்டினி கிடந்த கைதிகள் விடுதலையானதும் வயிறார உண்டபோது, அந்த உணவே சிலருக்கு யமனாயிற்று. காய்ந்த உடலில் உணவு திடீரென நுழையும்போது இரத்தத்தின் உப்புக்கள் தலைகீழாகி இருதயம் நின்றுவிடுகிறது. ஆகவே நெடும் பட்டினியில் ஆபத்து இருமுறை வருகிறது: உண்ணாதபோது ஒருமுறை, மீண்டும் உண்ணத் தொடங்கும்போது மறுமுறை.

பசி மனத்தையும் மாற்றும்

அதே யுத்த காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். போரிட மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியால் வாடும் மக்களுக்கு உதவ வழி காண்பதற்காகத் தாங்களாகவே பசித்திருக்க முன்வந்தார்கள். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவே அளிக்கப்பட்டது. தம் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்ததோ அதைவிடக் கவனிக்கத்தக்கது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள், நண்பர்களிடம் சீறினார்கள், சோர்வில் மூழ்கினார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு உண்டும் பசி அடங்கவில்லை.

அந்த 1,570 கலோரியில் பாதிகூட இல்லாத உணவு முறைகளைத்தான் இன்று விளம்பரங்கள் விற்கின்றன. கடைப்பிடிக்க முடியாமல் நடுவில் விட்டவர், தமக்கு மனவுறுதி இல்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். உண்மையில் அது உறுதிக் குறைவன்று. உயிரைக் காக்க உடல் நடத்தும் போராட்டம். நல்லியல்பு வாய்ந்த அந்த இளைஞர்களாலேயே இயலாததை நம் வீட்டுப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

நோன்பும் பட்டினிதானே?

இங்கே ஒரு கேள்வி எழும். ரமலான் முழுவதும் நாம் பசித்திருக்கிறோமே, அதில் தீங்கில்லையென்றால் இதில் மட்டும் எங்கிருந்து வந்தது?

வயிற்றில் எரியும் பசி இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு நிய்யத்திலும் எல்லையிலும் இருக்கிறது. நோன்புக்குத் தொடக்கமும் முடிவும் வகுக்கப்பட்டிருக்கின்றன. சஹர் உணவை விட்டுவிடாமல் உண்ணும்படியும், சூரியன் மறைந்ததும் தாமதியாமல் நோன்பு திறக்கும்படியும் மார்க்கம் சொல்கிறது. இரவிலும் உண்ணாமல் நாட்களைத் தொடர்ந்து நோன்பு நோற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களுக்குத் தடுத்தார்கள். நோயாளிக்கும் பிரயாணிக்கும் சலுகை உண்டு. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தமக்கோ குழந்தைக்கோ கேடு வருமென அஞ்சினால் விட்டுவிடலாம். வணக்கத்துக்காகப் பசிப்பதற்கே இத்தனை வேலிகள் போடப்பட்டிருக்க, கண்ணாடிக்காகப் பசிப்பதற்கு வேலியே வேண்டாம் என்பது எப்படிப் பொருந்தும்?

அபூதர்தா (ரலி) அவர்களின் வரலாறும் இங்கு நினைவுகூரத் தக்கது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக அவர்கள் தம்மை வருத்தி வந்தபோது, விருந்தாளியாக வந்த ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அவர்களை உண்ணவும் உறங்கவும் செய்து, இறைவனுக்குரிய கடமையோடு தம் ஆன்மாவுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளும் உண்டென்பதை எடுத்துரைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னதே சரியென்றார்கள். இறைவனுக்காகக்கூட உடலை அளவு மீறி வருத்தலாகாது என்பது அதன் படிப்பினை.

இது நம் மார்க்கத்தார்க்கு மட்டுமான பாடமன்று. மலாக்காவின் துக்காங் எமாஸ் தெருவில், 1748-ஆம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும் பொய்யாத விநாயகர் ஆலயமும் சில அடி தூரத்தில் நிற்கின்றன. இங்கே நோன்புக் கஞ்சியோடு நோன்பு முடிகிறது. அங்கே விரதம் இருப்பவரும் பூசை முடிந்ததும் அன்னம் உண்கிறார். பசியை அறிந்த எந்தச் சமயமும் அதை எல்லையில்லாமல் விட்டுவைக்கவில்லை. வள்ளுவரும் மருந்தைப் பற்றிய 95-ஆம் அதிகாரத்தில் உணவின் அளவையும் செரிமானத்தையும் பற்றியே பெரிதும் பேசுகிறார்.

"என் உடல், என் இஷ்டம்"

இன்னொரு வாதமும் உண்டு. என் உடலை நான் வருத்தினால் பிறருக்கென்ன நஷ்டம் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமாகவே தோன்றும்.

ஆயினும் யோசித்துப் பாருங்கள். நம் உடலில் எதை நாம் சம்பாதித்தோம்? தாயின் வயிற்றில் வளர்ந்தது. தகப்பனின் உழைப்பில் தேறியது. இறைவனின் அருளால் மூச்சு விடுகிறது. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை நாம் பயன்படுத்தலாம், பாழாக்கலாகாது. திரும்பக் கேட்கும் நாளில் கணக்குச் சொல்ல வேண்டும். உடலும் அப்படிப்பட்ட ஓர் அமானத். இறை நம்பிக்கை இல்லாதவரும் இதன் சாரத்தை மறுக்க மாட்டார். மயங்கி விழுந்த தாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்பவர்கள் அவள் பிள்ளைகளே அல்லவா?

ஆனால் இவ்வாதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதையே நாம் அதிகம் மறக்கிறோம். உடல் நமக்கே முழுச் சொந்தமில்லை என்றால், பிறருக்கு அது எவ்வாறு சொந்தமாகும்? பெண் பார்க்க வந்த இடத்தில் "பிள்ளை கொஞ்சம் பருமன்" என்று மூக்கைச் சுளிக்கும் மாமிக்கு அந்த உடலின்மேல் என்ன அதிகாரம்? கலியாண வீட்டில் பத்துப் பேர் முன்னிலையில் "என்ன, இப்படிப் பெருத்துவிட்டாய்!" என்று சிரிப்பவர், அச்சிரிப்பை மறுநொடியே மறந்துவிடுவார். கேட்ட பெண்ணோ அன்றிரவு சாப்பிடாமல் படுக்கிறாள். மறுநாள் பொடி டப்பாவுக்குப் பணம் கட்டுகிறாள். அவள் நோயுற்றால் அப்பழியில் சொன்னவருக்கும் பங்கில்லையா? அவள் அவசரப்பட்டாள் என்று மட்டும் தீர்ப்புச் சொல்வது பாதி நியாயமே. அந்த அவசரத்தை அவள் நெஞ்சில் ஏற்றியவர்கள் நாம்.

விற்பவருக்கும் பொறுப்புண்டு. சிபுட்ரமின் என்னும் பசியடக்கும் மருந்து, இருதய நோயாளிகளிடையே மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரிப்பது தெரிந்ததால், 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பிறகும் மெலிவதற்கான காப்பித் தூள் என்றும் பானம் என்றும் பெயர் சூட்டிய சரக்குகளில் அம்மருந்து ஒளித்துக் கலக்கப்பட்டிருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. இயற்கை மூலிகை என்று நம்பி ஒருவர் குடிப்பது தடை செய்யப்பட்ட மருந்தாக இருக்கலாம். உள்ளே இருப்பது இன்னதென்று தனக்கே தெரியாத பொருளைக் கமிஷனுக்காக உறவினரிடமும் ஜமாஅத்தாரிடமும் தள்ளிவிடுவது நேர்மையான வியாபாரமாகாது. மருந்தாக விற்கப்படும் பொருளில் மால் என்ற எழுத்துக்களுடன் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் கடமை; அது இல்லாததை விற்காதிருப்பது விற்பவரின் கடமை.

நிதானமே வழி

டாக்டர்களே சிலருக்கு மிகக் குறைந்த உணவு தருகிறார்களே என்று கேட்கலாம். மெய்தான். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நீரிழிவு கண்டு ஆறு ஆண்டுக்கு மேற்படாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம்வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி அளிக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலையை அடைந்தார்கள். மகத்தான பலன். ஆனால் அந்த உணவில் வேண்டிய உயிர்ச்சத்துக்கள் அனைத்தும் அளந்து சேர்க்கப்பட்டிருந்தன. மாத்திரைகள் டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்தப்பட்டன. வழக்கமான உணவு படிப்படியாகத் திரும்ப அளிக்கப்பட்டது. சத்திரசிகிச்சை நல்லது என்பதற்காக வீட்டில் கத்தியை எடுத்துக்கொள்வாருண்டோ?

மற்றவர்களுக்கு வாரம் அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைவதே பத்திரமான அளவு. அதற்கு விலையுயர்ந்த பொடி எதுவும் வேண்டியதில்லை. தே தாரிக்கில் சீனியையும் கெட்டிப்பாலையும் குறைக்கச் சொல்லுங்கள். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக் கீரையையும் காயையும் கூட்டுங்கள். மீனோ முட்டையோ பருப்போ தினமும் தட்டில் இருக்கட்டும். நள்ளிரவுச் சாப்பாட்டை விடுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்வாருங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளும் எதைத் தொடங்குமுன்பும் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் ஆலோசனை கேட்கட்டும். மெலிய முயல்பவருக்கு மயக்கமோ, படபடப்போ, ஓயாத வாந்தியோ, வலது விலாவின் கீழ்க் கடும் வலியோ கண்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடை குறைய வேண்டியவரைத் தனித்து உட்காரவைத்து வெள்ளரிக்காயை நீட்டாதீர்கள். குடும்பம் முழுவதும் ஒரே சமையலை, ஒரே அளவோடு, ஒன்றாக உட்கார்ந்து உண்ணுங்கள். குறை சொல்லும் நாவை அடக்குவதும் நோன்பின் ஒரு பகுதியே. நிக்காஹ் பேசும்போது பெண்ணின் இடுப்பளவைப் பேசாமல் குணத்தைப் பேசுவோம். ஆறு மாதத்தில் மெல்ல இறங்கும் எடை அறுபது வயதுவரை துணை நிற்கும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த உடலைப் பொறுமையோடு பேணி, நம் வீட்டுப் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் புண்படுத்தாமல் காக்க இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!